ஐயா ரிட்டயர் ஆயிட்டாரு

“ஹலோ... ஆமா, ஐயா போன்தான். நான் அம்மா பேசுறேன்... ஸ்தோத்திரம் தம்பி, ஸ்தோத்திரம். ஐயா குளிச்சிட்டிருக்காரு... பரவாயில்ல, என்கிட்டயே சொல்லுங்க... ம்... ம்...”

மருந்துக்கடைக்காரர்தான். சபைக் கமிட்டியின் செயலாளர். பாஸ்டரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். கணவர் ஓய்வு பெற்று, சபை வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. புத்தகப் பெட்டிகள் இன்னும் பாதி பிரிக்காமலே சுவரோரம் கிடந்தன. புது பாஸ்டர் மேல் ஏதாவது குறை இருந்தால் மட்டும் சபைக்காரர்களுக்கு ஐயாவின் போன் நம்பர் ஞாபகம் வந்துவிடும்.

“ஆமா... ஆமா... அரை மணி நேரத்துல பிரசங்கத்தை முடிச்சிடுறாரா? நல்லதுதானே தம்பி. எங்க ஐயா ஒரு மணி நேரம் பேசுறப்ப நீங்க கடைசி பெஞ்சுல கண்ணசந்ததை நான் பார்த்திருக்கேன்... சரி, சரி, கோவிச்சுக்காதீங்க... பைக்ல வர்றாரா? நடந்து வந்தா என்ன, பைக்ல வந்தா என்ன?”

இப்படி யார் கூப்பிட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். குறை இருந்தால் புது பாஸ்டரிடமே போய்ப் பேசுங்கள் என்பாள், போனை வைத்துவிடுவாள். இன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“என்னது, நாளைக்கா?... எந்த மண்டபம்?... ஓ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி... தனி ஆராதனையா?... பிரசங்கம் யாரு?... தம்பி, கொஞ்சம் இருங்க. யாருன்னு சொன்னீங்க?”

தேய்க்கும் பலகையில் விரிந்து கிடந்த வெள்ளை அங்கியைப் பார்த்தாள். காலையில் அவர்தான் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். நாளைக்கு ஒரு நண்பர் வீட்டில் ஜெபம், மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடு என்றார். அவளும் கழுத்துப்பட்டையைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா என்கிட்ட சொல்ல மறந்திருப்பாருன்னு நீங்க எனக்கு சமாதானம் சொல்ல வேண்டாம். அவரை நான் பார்த்துக்கிறேன். எத்தனை குடும்பம் வருது, அதைச் சொல்லுங்க... பாதி சபையா? அதை இவ்வளவு சந்தோஷமா சொல்றீங்களே தம்பி.”

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். குரல் தணிந்தது. வீட்டில் அவள் குரல் தணிந்தால் பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

“ஒண்ணு கேக்குறேன். போன மாசம் கமிட்டியில புது பாஸ்டர் என்ன சொன்னாரு?... அதில்ல. பொறுப்புல இருக்கறவங்களைப் பத்தி... ஆமா, அதேதான். யாரா இருந்தாலும் மூணு வருஷம், அப்புறம் அடுத்தவங்களுக்கு விட்டுக்கொடுக்கணும்னு சொன்னாரா இல்லையா?... எனக்கு யார் சொன்னா என்ன, நடந்ததா இல்லையா?... என் பையன் ஸ்கூல் போறப்ப நீங்க செயலாளர். இப்ப அவனுக்கு முன்னந்தலை வழுக்கை. இன்னும் நீங்கதான் செயலாளர். அப்ப குறை பிரசங்கத்துலயும் இல்ல, பைக்லயும் இல்ல. நாற்காலி போயிடும்னுதான் இவ்வளவும்.”

அந்தப் பக்கம் குரல் ஏறியது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

“கத்தி முடிச்சாச்சா?... ஆமா, ஐயா வளர்த்த சபைதான். நான் இல்லன்னு சொல்லலையே. ஆனா ஐயா இருந்தாத்தான் நிக்கும்னா, அது சபையா? நாளைக்கு அவர் கண்ணை மூடிட்டா கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்களா?... பேச்சை மாத்தாதீங்க, பதில் சொல்லுங்க... போன வருஷம் புதுசா வந்த அந்தப் பிள்ளை தலையில கை வச்சு, இனி இவர்தான் உங்க மேய்ப்பர்னு சொன்னது யாரு? நீங்களும்தானே பக்கத்துல நின்னு ஆமென் சொன்னீங்க?”

குளியலறைக் கதவு திறந்திருந்தது. தலையில் துண்டோடு அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. போனைக் கொடு, நான் பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினாள்.

“தம்பி, உங்களுக்குச் சொல்றது இங்க நிக்கிறவருக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு நான் நம்ம சபைக்குத்தான் போறேன். முன்னாடி உக்காந்து அந்தப் பிள்ளை பேசுறதைக் கேக்கப் போறேன். ஐயா எங்கேம்மான்னு யாராவது கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். அவர் கட்டினதை அவரே உடைக்கப் போயிருக்காருன்னு சொல்லிடுவேன்.”

அவர் அப்படியே ஒரு புத்தகப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு அவரைத் தெரியாதா? ஒரு காலத்தில் சாப்பிடவிடாமல் அடித்த போன் அது. இப்போது நாள் முழுக்க ஊமையாகக் கிடக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார். நீங்கள் இல்லாமல் முடியாது ஐயா என்று ஒருவன் சொன்னதும் உருகிப்போயிருப்பார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

“ஐயாவே பேசுவாரு, இருங்க,” என்று போனை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

பிரசங்கம் தொடங்குகிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தம்பி... ம்... ம்... ஆமாப்பா, வர்றேன்னுதான் சொன்னேன்... இல்ல, வரல... நாளைக்கு மட்டும் இல்ல. இனிமே இந்த மாதிரி எதுக்கும் கூப்பிடாதீங்க... ஜனங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா மண்டப வாசல்ல நான் வந்து நின்னு, எல்லாரையும் சபைக்குப் போங்கன்னு திருப்பி அனுப்புவேன்... தப்பு என்மேலதான். புது பாஸ்டரை நான் இன்னைக்கே போய்ப் பார்த்துச் சொல்றேன்... சேச்சே, அம்மா சொல்லி இல்லப்பா...”

அவள் இடுப்பில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“...அம்மா சொல்லித்தான்,” என்றார்.

அந்தப் பக்கம் லைன் கட்டானது.