தள்ளுவண்டி அத்தானும் கிராபிக்ஸ் கார்டும்

...ரெனால்ட், ஷெர்லின், உங்கள் கல்யாணத்துக்கு எல்லாரும் வாழ்த்திவிட்டார்கள். இனி நானும் அதையே சொன்னால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? பின் வரிசையில் பேச்சு வேண்டாம். ஐஸ்கிரீம் எங்கேயும் ஓடிப்போகாது... நன்றி.

என் வீட்டு மாடியில் செல்வின் என்பவர் குடியிருக்கிறார். வங்கியில் வேலை. மனைவி பியூலா ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். பியூலாவுக்கு நாகர்கோவிலில் மூன்று தம்பிகள். பண்டிகை என்றால் மூன்று பேரும் லேப்டாப்போடு வந்து இறங்குவார்கள். சாப்பாடு முடிந்ததும் அத்தானோடு கார் பந்தயம். எல்லாம் திரையில்தான், பயப்படாதீர்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு என்ன ஆயிற்று? முதல் வளைவிலேயே செல்வினின் கார் நின்றுவிட்டது. அவருடைய கம்ப்யூட்டர் பழசு. படம் விக்கி... விக்கி... நகர்ந்தது.

"அத்தான், எறங்கித் தள்ளட்டுமா?" என்றான் கடைசித் தம்பி ஜோயல்.

அவ்வளவுதான்! அன்றிலிருந்து அவர் பெயர் 'தள்ளுவண்டி அத்தான்'. போனில் தள்ளுவண்டி. குடும்ப வாட்ஸ்அப்பில் தள்ளுவண்டி. ஒரு நாள் மாமியாரே வாய்தவறி, "தள்ளுவண்டி மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

செல்வின் சபதம் எடுத்தார். ஈஸ்டருக்குள் நல்ல கிராபிக்ஸ் கார்டு. ஈஸ்டர் அன்று இந்தப் பெயர் ஒழிய வேண்டும். இல்லாவிட்டால் பேரன் பேத்தி எடுத்தாலும் ஒழியாது.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று பெரியவர்கள் பார்க்கிறீர்கள். திரையில் ஓடும் படத்தை வரைகிற தனி மூளை அது. விளையாட்டுக்கும் சரி, துல்லியமான வீடியோவுக்கும் சரி, அது வேண்டும். எனக்கும் மூன்று மாதம் முன்னால் தெரியாது. செல்வின் பேசிப் பேசியே கற்றுக்கொடுத்துவிட்டார்.

யாரையெல்லாம் கேட்டார் தெரியுமா? ஆபீஸ் நண்பரைக் கேட்டார். "பதினாறு ஜிபி மெமரி இல்லாட்டி தொடாதீங்க சார்." பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகனைக் கேட்டார். "மெமரி கெடக்கட்டும், பவர் சப்ளை தாங்குமான்னு பாரு." யூடியூபில் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கத்துகிற ஒருவரைத் தினமும் கேட்டார். ஐயா, என்னையே கேட்டார்!

பியூலாவைக் கேட்டாரா? இல்லை. அவளாகத்தான் வந்து சொன்னாள்.

"ஏங்க, அது நம்ம கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள நுழையுமா? அளந்து பாத்தீங்களா?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது பியூலா."

கார்டு வந்தது. நுழையவில்லை! இரண்டு விரற்கடை நீளம். புதுப் பெட்டி வாங்கினார். பவர் சப்ளையை மாற்றினார். கடையிலேயே எல்லாவற்றையும் பொருத்தி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மானிட்டர் வயரைத் தன் கையாலேயே சொருகினார். பந்தயத்தைப் போட்டார். என்ன நடந்தது?

விக்கியது. அதே விக்கல்!

மறுபடியும் போன். "டிரைவரை மாத்து" என்றார் சித்தப்பா மகன். டிரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர் இல்லை, அதுவும் ஒரு சாப்ட்வேர். மாற்றினார். "விண்டோஸைப் புதுசா போடுங்க சார்" என்றார் நண்பர். போட்டார். பியூலா மறுபடியும் வந்தாள்.

"ஏங்க, எங்க சென்டர்ல படம் சரியா வரலேன்னா மொதல்ல வயரத்தான் பாப்போம். பின்னாடி பாத்தீங்களா?"

"இது ஸ்கேன் மெஷின் இல்ல பியூலா!"

ஈஸ்டர் வந்தது. என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள், அதனால் இதைக் கண்ணால் பார்த்தேன். நான்கு கார்கள் புறப்பட்டன. முதல் வளைவு... செல்வினின் கார் நின்றது.

"அத்தான், நான் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். தள்ளுனா போயிரும்!" ஜோயலுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. செல்வினின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுக்களையிலிருந்து பியூலா வந்தாள். கையைத் துடைத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தினாள், மேசைக்குப் பின்னால் குனிந்தாள். அங்கே மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. மேலே இருப்பது கம்ப்யூட்டரோடு வந்தது. கீழே இருப்பது புதுக் கார்டினுடையது. வயர் இரண்டிலும் பொருந்தும். செல்வின் எதில் சொருகியிருந்தார்?

மேலே! ஆறு வருஷப் பழக்கம், கை தானாக அங்கே போய்விட்டது. ஊரையெல்லாம் கேட்டு வாங்கிய கார்டு, மூன்று வாரமாக விளக்கை எரித்துக்கொண்டு, விசிறியைச் சுற்றிக்கொண்டு, பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.

பியூலா வயரைப் பிடுங்கினாள். கீழே சொருகினாள். "இப்ப ஓட்டுங்க."

அடடா! ரோட்டில் மழைத்தண்ணீர் மின்னுகிறது, அதில் மேகம் தெரிகிறது. செல்வின் பறந்தார். அரை கார் நீளத்தில் ஜெயித்தார்!

ஜோயல் சும்மா இருப்பானா? "நீங்க ஜெயிக்கல அத்தான். எங்க அக்கா ஜெயிச்சா."

செல்வின் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமா ஜோயல். மூணு வாரம் முன்னாடியே ஜெயிச்சிருப்பா. நான்தான் விடல." தள்ளுவண்டிப் பெயர் அன்றோடு போயிற்று. தம்பிகள் எடுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை எடுத்தது.

ஏன் சிரிக்கிறீர்கள்? இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண்களே, உங்கள் வயர் எங்கே இருக்கிறது? பெண்களே, உங்களையும்தான் கேட்கிறேன். எதற்கெடுத்தாலும் அம்மாவுக்குப் போன் போடுகிறோமே, பக்கத்தில் இருக்கிறவரை ஒரு தடவை கேட்டோமா? எங்கள் முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரர் முதலில் தன் வயரை எங்கே சொருகியிருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பெருமைக்காரி. ஆனால் கடைசிப் பத்து வருஷம் சரியான இடத்தில் இருந்தது. அந்தப் பத்து வருஷமும் படம் ரொம்பத் தெளிவு.

ரெனால்ட், ஷெர்லின், இங்கே வாருங்கள். வெள்ளிக் குத்துவிளக்கு நிறைய வந்திருக்கும். இது என் பரிசு. பிரித்துப் பாருங்கள்... ஆமாம், வயர்தான். மானிட்டர் வயர். ரிப்பன் நான் கட்டினது.

கார்டு எங்கே என்று பார்க்கிறீர்களா? ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்.