ஒரே பெட்டிக்குள் பேசவைத்த அருந்ததி

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் டாக்டர் தம்பு அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் வந்திருக்கும் பாகான் டாலாம் உறவுகளே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நம் கணினிப் பொறியாளர் அருந்ததி கதிர்காமநாதன் மறைந்தார். ஆறாண்டு அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த குணவதி நான். கேள்வி கேட்டே வாழ்ந்தவர் அவர்!

சென்ற ஆண்டு, தொண்ணூற்றேழு அக்டோபர் மழையை மறந்திருப்பீர்களா? கேபிளில் தண்ணீர் புகுந்து மருத்துவமனையின் கணினி இணைப்பே அறுந்தது. பிரசவ அறையில் தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ரொஸ்னா ரத்தம் இழந்துகொண்டிருந்தார். ரத்த வங்கிக் கணினியில் இரண்டு நிரல்கள். ஒன்றுக்கு இருப்பு தெரியும். மற்றது அதனிடம் கேட்டு, எந்தப் பையை எடுப்பது என்று சீட்டு அச்சிடும். அன்று கேட்ட கேள்வி போய்ச் சேரவே இல்லை! ரத்த வங்கி ஊழியர் ஜபருல்லா குளிர்பெட்டியைத் திறந்து பை பையாகத் தேடினார். இருபது நிமிடம்! தாய் பிழைத்தார், மயிரிழையில்.

எல்லோரும் மழையைத் திட்டினோம். அருந்ததி அக்கா மட்டும் கேட்டார்: "ரெண்டு ப்ரோக்ராமும் ஒரே கம்ப்யூட்டர்லதானே இருக்குது? அப்புறம் ஏன்லா வெளிய சுத்திட்டு வந்து பேசுது?"

எனக்குத் தோன்றியதா இந்தக் கேள்வி? உங்களுக்குத் தோன்றியதா?

வலைப்பக்கம் கேட்கிற எச்.டி.டி.பி. முறையில்தான் அவை பேசின. ஆனால் முகவரியைக் கேபிளின் மறுமுனையில் இருந்த வேறொரு கணினியிடம் விசாரித்த பிறகே பேச்சு தொடங்கும். அக்கா அந்தக் கணினிப் பெட்டிக்குள்ளேயே ஓர் உள்ளூர் சாக்கெட்டைத் திறந்தார். பார்வைக்கு அது வெறும் கோப்பு, நிரல்களுக்கோ கதவு. அதன் வழியே, பெர்ல் மொழியில், எச்.டி.டி.பி. கேள்வியை வரிவரியாகத் தாமே எழுதி அனுப்பினார். இரண்டு நாள் பதில் இல்லை! மூன்றாம் நாள் துள்ளி எழுந்தார்: "குணவதி, கடைசியில ஒரு வெத்து வரி விடணும்! நான் இன்னும் பேசி முடிக்கலன்னு அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கு!"

பிறகு டாக்டர் தம்பு முன்னிலையில் தம் கையாலேயே கேபிளைப் பிடுங்கினார். "என்னம்மா செய்றீங்க?" என்று பதறினீர்களே, ஐயா! "அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க முடியாது டாக்டர்" என்றார். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. சீட்டு வந்தது!

சிறுநீரக நோயில் படுத்திருந்தபோதும் விடவில்லை. போன செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார். "ப்ரோக்ராம் திடீர்னு நின்னுபோனா அந்த சாக்கெட் கோப்பு மட்டும் அப்படியே கிடக்குது. மறுபடி தொடங்க விடமாட்டேங்குது. ஏன்னு பாத்தியா?"

"இன்னும் பாக்கலக்கா."

"பாரு."

என்னிடம் அவர் சொன்ன கடைசிச் சொல் அது. அழுதுவிட்டுக் கலைந்துபோகவா கூடினோம், சபையோரே? நாளைக் காலை ஜபருல்லாவும் நானும் அந்தக் கணினிமுன் உட்காருகிறோம். விடை தெரியாது, தெரியும்வரை எழமாட்டோம்.

பார்க்கிறோம், அக்கா.