சின்னவளின் பீட்ரூட் பாத்தி

“உன் பாத்தியில மட்டும் பந்து பந்தா பீட்ரூட்டு, என்னோடது எலிவாலாடி? என் உரத்தை அள்ளிப் போட்டுக்கிட்டியா?”

“உங்க உரம் எனக்கு எதுக்குக்கா? உங்களுக்குக் கைராசி இல்லன்னா நான் என்ன பண்றது?”

பக்கத்து வீட்டு ஓரகத்திகள். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை மூன்று முறை உதறிவிட்டேன். இன்னும் உதறினால் கிழிந்துவிடும்.

உரத்தை யாரும் தொடவில்லை. பீட்ரூட்டில், ஒரு விதை என்று நாம் ஊன்றுவதே நாலைந்து விதை ஒட்டிய உருண்டை. கொத்தாக முளைக்கும். ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளாவிட்டால் எதுவும் பருக்காது. இது இருவருக்கும் தெரியாது. முளைவிட்ட வாரமே, மத்தியானம் அவர்கள் கண்ணயரும் நேரத்தில் போய், சின்னவள் பாத்தியில் மட்டும் கிள்ளிவிட்டு வந்தேன். முளை குறைந்ததைப் பார்த்து அவள் குருவியைத் திட்டினாள். நான் கெடுதல் ஏதும் செய்யவில்லை, கவனியுங்கள். ஒருத்திக்கு நல்லதுதான் செய்தேன்.

அந்த வீடு பெரியவளின் புருஷன், பெரியவருடையது. மாடியில் தம்பி குடும்பம். அது காலியானால் என் மகளையும் மாப்பிள்ளையையும் குடிவைக்கலாமே என்று ஒரு சின்ன ஆசை.

“உன் பாத்திக்கிட்ட அவ வாளியோட நின்னாளே” என்று பெரியவளிடம் சொன்னேன். பொய்யில்லை, தண்ணீர் ஊற்றப் போனாள்.

சண்டை அண்ணன் தம்பிக்கு ஏறியது. ஒரே மாதத்தில் சின்னவள் மூட்டை கட்டினாள். “நீங்கதான் அத்தை எனக்கு ஆறுதல்” என்று அழுது, புது போன் நம்பரை என்னிடம் மட்டும் கொடுத்தாள்.

மகள் மாடிக்கு வந்த வாரமே பெரியவர் நெஞ்சுவலியில் படுத்தார். தம்பியைப் பார்க்கவேண்டும் என்று ஒரே புலம்பல்.

“அவங்க நம்பர் இருக்கா அத்தை?” என்று பெரியவள் ஓடிவந்தாள்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

சொன்னால் வருவான், கட்டிப்பிடித்து அழுவார்கள், மறுபடி மாடி ஏறிவிடுவார்கள். மகள் அப்போதுதான் பாத்திரங்களை அடுக்கி முடித்திருந்தாள். நாலாம் நாள் பெரியவர் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

பெரியவள் வீட்டை விற்றுவிட்டுத் தன் அக்கா ஊருக்குப் போனாள். வாங்கியவன் மாடியைக் காலி செய்யச் சொல்ல, என் மகளும் வேறு ஊர் போய்விட்டாள். சின்னவள் மட்டும் மாதம் தவறாமல் கூப்பிடுகிறாள்.

“அண்ணன் முதல்ல பேசட்டும்னு இவரு காத்துக்கிட்டிருக்காரு அத்தை. பெரியவரு எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரும்மா” என்கிறேன். அடுத்தவர் மனம் நோகப் பேச எனக்கு வராது.