மைதானமே அண்ணாச்சியான மாலை

நான் நீட்டிப் பேசுவேன் என்று தெரிந்தும் புன்னகையோடு தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, கரிசல் காட்டு வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளையின் பெயரை மேடையில் கேட்கக் காத்திருக்கும் தாய்மார்களே, என் மாணவச் செல்வங்களே, ஆங்கிலத்துறை ரேணுகாதேவியின் அன்பு வணக்கம்.

வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் பழக என்ன வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டேன். கட்டுரைப் போட்டியா என்றேன், கை எழவில்லை. விவாத மேடையா என்றேன், கண்கூட எழவில்லை. ஹாக்கி ஆட்டத்துக்கு ஆங்கில வர்ணனை என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்ததுதான் தாமதம், அத்தனை கைகளும் உயர்ந்தன. ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பிள்ளைகள் வேறெதைக் கேட்பார்கள்? விசிலடிப்பது நம் அணிதானே? தெரியும், உட்காருங்கள்.

ஒரு கை மட்டும் உயரவில்லை. அது பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வரும் கிருஷ்ணப்ரியாவின் கை. அந்த வாரம் வகுப்புக் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் பேச எழுந்தவளின் நாக்கு ஒட்டிக்கொண்டது, வகுப்பே சிரித்தது. மறுநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"இனிமே காலேஜுக்கு வரலை மேடம். அம்மாகூட ஆடு மேய்க்கப் போறேன். அதுககிட்ட என்ன பேசினாலும் சிரிக்காது."

ஒரே ஓர் ஆட்டத்துக்கு மைக்கைப் பிடித்துப் பார், பிறகு உன் இஷ்டம் என்று கெஞ்சினேன்.

ஆட்டம் தொடங்கியது. அவள் பேசினாள், தடுமாறிப் பேசினாள், தயங்கிப் பேசினாள், ஆனாலும் பேசினாள். பந்து அவள் ஊர்க்காரன் பாண்டிராஜிடம் போனது. பேச்சு நின்றது. ஏன் நின்றது? வர்ணனையில் வெறும் பெயர்தான் சொல்ல வேண்டும். மூத்தவனை வெறும் பெயர் சொல்லும் வழக்கம் அவள் வீட்டில் இல்லையே. மைதானமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "பாண்டிராஜ் அண்ணாச்சி பாஸஸ் த பால்."

சிரித்தார்கள். ஆனால் இந்த முறை சிரித்தவர்கள் கைதட்டினார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அப்புறம் அவளை யார் நிறுத்துவது? எதிரணி அண்ணாச்சியானது, கோல்கீப்பர் அண்ணாச்சியானார், விசிலூதிய நடுவரும் அண்ணாச்சியானார். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. நொண்டட்டும், அவள் குரல் ஓடியது.

மகள் பேசுவதைக் கேட்க வந்து வேலியோரம் நின்ற அவள் தாய் பாலம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் புரிஞ்சுச்சு டீச்சர். இங்கிலீசு படிச்சா எம்மவ என்னைய விட்டுத் தூரமாப் போயிருவாளோன்னு இருந்தேன். அவ வரலைன்னு சொன்னப்பம் எனக்கும் நிம்மதிதான். நாளைக்கு நானே பஸ் ஏத்திவிடுதேன்."

அன்பானவர்களே, ஆங்கிலம் நம் பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரிக்க வேண்டுமா? வீட்டின் மரியாதையையும் கூட்டிக்கொண்டு போனால் ஆகாதா? ஆகும் என்று காட்டினாள் ஒரு பெண். பிள்ளைகள் கேட்ட மைதானத்தைக் கொடுத்ததால் காட்டினாள்.

இன்று நன்றியுரை அவளுடையது. வா கிருஷ்ணப்ரியா. ஆங்கிலத்திலேயே பேசு. முன்வரிசையில் அம்மா இருக்கிறார், அவருக்குப் புரிந்த வார்த்தையிலிருந்து தொடங்கு.

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் என் நன்றியும் வணக்கமும்.