மெத்தனால் நிரப்பிய புட்டி

என் பெயர் எக்கோ பைடூ, வயது 34, தகப்பனார் பெயர் க்வெசி பைடூ. கானா நாட்டுக் கேப் கோஸ்ட் நகரில் அபுரா பகுதியில் குடியிருந்துகொண்டு, இங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை பார்க்கிறேன். யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

இலவங்கப்பட்டை எண்ணெயிலிருந்து வாசனைப் பொருள் எடுக்கும் வேலையில் மூன்று வருடமாக இருந்தேன். பல்லேடியம் ஏற்றிய கரித்தூளை மெத்தனாலில் போட்டு ஹைட்ரஜன் செலுத்துவேன். வேண்டாத துணைப்பொருளே பாதி வந்தது. சென்ற வருடம் சேர்ந்த அராபா குவான்சா, அதே தூளை வைத்துக்கொண்டு கரைப்பானை மட்டும் எத்தில் அசிட்டேட்டாக மாற்றினாள். பொருள் சுத்தமாக வந்தது. பேராசிரியர் அமிசா எல்லோர் முன்னும் என்னிடம், "மூணு வருஷமா எதுலப்பா போட்டுக் கிளறிக்கிட்டிருந்த?" என்று கேட்டார். அராபா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. அதன் பின்னர் ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரே முதலில் வரும் என்று முடிவாயிற்று.

அதன் பின்னர் ஜனவரி 16 காலை ஒன்பதரை மணியளவில், அவள் காலைச் சாப்பாட்டுக்குக் கென்கே உருண்டை வாங்கப் போயிருந்தபோது, அவளுடைய கரைப்பான் புட்டியைக் காலி செய்து மெத்தனாலை நிரப்பினேன். அவளுடைய ஆய்வு முடிவு கெட வேண்டும் என்பதற்காக மட்டுமே செய்ததாக முதலில் எழுதச் சொன்னேன். அதை அடித்துவிடவும். காய்ந்த தூளில் மெத்தனால் பட்டால் பற்றிக்கொள்ளும், அதனால் தண்ணீரில் நனைத்த பிறகே ஊற்றுவோம். அவள் கரைப்பானில் அந்தப் பயம் குறைவு, நேராக ஊற்றுவாள். தினமும் பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஹார்மட்டான் வறண்ட காற்றின் தூசியில் அவளுக்கு மூக்கடைத்திருந்ததும் தெரியும், இல்லாவிட்டால் வாசனையிலேயே கண்டுபிடித்திருப்பாள். அவள் புட்டியைச் சாய்த்தபோது நான்கு அடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பின்னர் தீப்பிடித்தது. அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்தன. மணலைக் கொட்டி அணைத்தது நான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

இன்று மருத்துவமனைக்குப் போனேன். கைக்கட்டுகளோடு படுத்திருந்தவள், "நான்தாண்ணே புட்டிய மாத்தி எடுத்துட்டேன்போல. இனி இந்தக் கையால எதுவும் ஆகாது. மிச்சத்த நீங்களே முடிச்சு, உங்க பேர முதல்ல போட்டுக்கங்க" என்றாள். அந்த மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். சொன்னது அத்தனையும் உண்மை, அடிக்கச் சொன்ன ஒரு வரியைத் தவிர.

(ஒப்பம்) எக்கோ பைடூ