மேல்வீட்டு ஃபியூஸ் கட்டை

என் பெயர் இத்ரீஸ் தீதி. வயது எழுபத்தொன்று. தகப்பனார் பெயர் அப்துல்லா தீதி. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். சொந்த முகவரி, ஃபினிஃபென்மா என்னும் வீடு, குளுதுஃபுஷித் தீவு, மாலத்தீவு. தற்போது திருவனந்தபுரம் கண்ணம்மூலையில், வசுமதியம்மா என்பவருடைய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்துவருகிறேன். மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. என்மீது புகார் கொடுத்துள்ள வசுமதியம்மா, இதை நான் சொல்லும்போது இதே அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

பேசினால் எனக்கு முன்பின் ஆகிவிடும். ஆகவே சொல்லப்போவதன் வரிசையை முதலில் கூறிவிட அனுமதி கேட்டேன். எழுதிக்கொள்ளும் தலைமைக் காவலர் ஜோபி, இங்கே ஆசிரியரை அழைக்கும் வழக்கப்படி, "மாஷே, இது ஸ்கூல் இல்ல. சரி, சொல்லுங்க" என்றார். வரிசை பின்வருமாறு:

1. நான் இந்த வீட்டுக்கு வந்ததும், என் மனைவி இறந்ததும்.
2. கரண்ட் பில்லுக்காக நான் வகுத்த முறையும், அது பலிக்காமல் போனதும்.
3. வெள்ளிக்கிழமை காலை ஃபியூஸ் கட்டையைக் கழற்றியது நான்தான் என்பதும், வீட்டு விசேஷத்தைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்பதும்.
4. புகாரில் கேட்டுள்ளபடி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட எனக்குச் சம்மதம் என்பது.

என் மனைவி ஹவ்வாவுக்குச் சிறுநீரகம் பழுதானதால் சிகிச்சைக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தோம். புரோக்கர் காட்டிய வீடுகளில் மூன்றாவது இது. வெளிநாட்டுக்காரர்களை வைத்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியிருக்கும் என்று வசுமதியம்மா முதலில் மறுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஹவ்வா முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வசுமதியம்மா உள்ளே போய்ச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, சாவியை அவள் கையிலேயே கொடுத்தார். அதன் பிறகு முன்பணம் கொடுத்து, பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம்.

வீட்டுக்காரரோடு பேசுவது, பில் கட்டுவது எல்லாம் ஹவ்வாதான். கணக்கு ஆசிரியனாக இருந்தும் நான் அதில் தலையிட்டதில்லை. எனக்கு அடுத்தவரிடம் ஒன்றைக் கேட்க வாய் வராது. ஹவ்வாவுக்கும் வசுமதியம்மாவுக்கும் நல்ல பழக்கம் இருந்தது. நாங்கள் மீன் சாறு காய்ச்சும் நாட்களில் வசுமதியம்மா கீழே இருந்தபடி, "ஹவ்வாம்மா, உங்க மீன் வாசனைல எங்க சாம்பார் மயங்கி விழுந்திருச்சு" என்பார். ஹவ்வா மேலேயிருந்து, "தண்ணி தெளிங்க, எழுந்துக்கும்" என்பாள்.

எங்கள் தீவுகளில் யாரும் இருட்டில் தூங்குவதில்லை. முன்பு எண்ணெய் விளக்கு, இப்போது பல்பு. இங்கேயும் ஹவ்வாவின் கட்டிலருகே ஒரு சின்ன பல்பு விடியும்வரை எரியும். அவளுக்கு இருட்டென்றால் பயம் என்று எண்ணியிருந்தேன். வெளியே மாடிப்படித் திருப்பத்தில் உள்ள பல்பும் அப்படியே எரியும். அது கீழ்வீட்டு லைனைச் சேர்ந்தது. திருடர் பயத்தால் வசுமதியம்மா போட்டு வைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஹவ்வா இறந்தாள். அன்றே பள்ளிவாசல் மையவாடியில் அடக்கம் செய்தோம். எங்கள் மகன் ஷிஃபாஸ் மாலேயிலிருந்து வந்து, ஒரு வாரம் இருந்துவிட்டு, என்னையும் வரச் சொன்னான். இங்கே என் கண் சிகிச்சை முடியவில்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அல்ல. எங்கள் ஊரில் கபருகளுக்கு வெள்ளை மணல் போடுவோம். இங்கே செம்மண். நான் சங்குமுகம் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுபோய்ப் போட்டேன். நிறம் சேரவில்லை. மழையில் அதுவும் போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் காலையிலேயே போய், ஜும்ஆ தொழுகை வரை அங்கே இருந்து வருகிறேன்.

இனி இரண்டாவது. ஹவ்வாவுக்குப் பிறகு பில் என் கைக்கு வந்தது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். ஒரு எல்லையைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். என் பென்ஷன் எங்கள் நாட்டு ருஃபியாவில் வருகிறது, மாற்றும்போது குறையும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை யூனிட் என்று பிரித்து வைத்தேன். கட்டிலருகே உள்ள பல்புக்கு முதலில் ஒதுக்கினேன். அதில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எல்லையைத் தாண்டியபோது முதலில் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தினேன். அதன் பிறகு ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்து, ரொட்டியும் டின் மீனும் சாப்பிட்டேன். அதன் பிறகு, வெயில் ஏறிய சமயத்தில், ஃபேனையும் நிறுத்தி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். பில் குறையவில்லை. சென்ற முறை ஏறியது.

ஒன்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஊரில் எங்கள் வீடு தரையோடு இருப்பது. முற்றத்தில் கிணறு, கூரையோரம் மழைத்தொட்டி. மொண்டு குளிப்போம். இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அது மாடிக்கு எப்படி ஏறுகிறது என்று இரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

மூன்றாவது. வெள்ளிக்கிழமை காலை வீட்டில் அந்தப் பல்பு உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். என் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் லைனிலிருந்து வேறு யாரோ எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. வசுமதியம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கோபித்து வீட்டைவிட்டுப் போகச் சொல்வார் என்று பயந்தேன். வெளிநாட்டுக்காரன் இங்கே தங்கும் அனுமதிக்கு ஆண்டுதோறும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். ஆகவே ஃபியூஸ் கட்டையைக் கழற்றினால் எது நிற்கிறது என்று பார்த்துவிட்டு உடனே மாட்டிவிடலாம் என்று எண்ணிக் கழற்றினேன். பின்பக்கத்தில் ஏதோ ஒரு இரைச்சல் நின்றது. அதே சமயம் வாசலில் கார்கள் வந்து நின்றன. வசுமதியம்மாவின் மகள் அஞ்சனாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கம்போல மையவாடிக்குப் போய்விட்டேன். தொழும்போதும் அது என் பையில் இருந்தது.

திரும்பி வந்தபோது சாப்பாடு முடிந்திருந்தது. மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. காலையில் நின்ற இரைச்சல் அதுதான், அது என் லைனில் ஓடியிருக்கிறது என்று அப்போது புரிந்தது. விருந்தாளிகள் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்தில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு கொடுக்கிற வீட்டுல தண்ணிக்குக்கூட வழியில்லையா?" என்று கேட்டார். வசுமதியம்மா பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் சுமந்துகொண்டிருந்தார். பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. நான் பையிலிருந்து கட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். மாலையில் ஸ்டேஷனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

என் லைனிலிருந்து மோட்டார் ஓடியது என்று சொல்லி முடித்த இந்த இடத்தில், வசுமதியம்மா பெஞ்சிலிருந்து பேசினார். புகார் கொடுத்தவர் குறுக்கே பேசக் கூடாது என்று காவலர் சொன்னார். அவர் நிறுத்தவில்லை. அவர் சொன்னதையும் எழுதிக்கொள்ளுமாறு நான் கேட்டுக்கொண்டேன்.

மோட்டாரை மேல்வீட்டு லைனில் மாற்றச் சொன்னது ஹவ்வாதான் என்று வசுமதியம்மா கூறினார். மாடிப்படி பல்பு ராத்திரி முழுக்க எரிய வேண்டும் என்று ஹவ்வா கேட்டாளாம். பில் ஏறுமே என்று இவர் தயங்கியபோது, அதற்கு ஈடாக மோட்டாரை எங்கள் லைனில் போட்டுக்கொள்ளச் சொன்னாளாம். "ஒரு பல்புக்கு மோட்டார் ஜாஸ்திதான். எனக்குத் தெரியும். மகளுக்கு வரன் பாக்குற செலவு, ஒத்துக்கிட்டேன்" என்றார்.

அவளுக்கு இருட்டு பயம் என்று நான் சொன்னேன்.

"அவங்களுக்கா? அவங்களுக்கு என்ன பயம் மாஷே. 'இவருக்குக் கண்ணு வரவர மங்குது, விடியுமுன்னே தொழப் போறாரு, நான் இல்லாமப் போனாலும் படி தெரியணும்'னு சொன்னாங்க. 'இவருகிட்ட சொல்லாதீங்க, யூனிட் எண்ணி அணைச்சிடுவாரு'ன்னும் சொன்னாங்க."

அதன் பிறகு, அவள் இறந்து இத்தனை மாதமாகியும் அந்தப் பல்பை ஏன் அணைக்கவில்லை என்று நான் கேட்டேன். ஒருவரிடம் ஒன்றை நேராகக் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை.

"அணைக்கலாம்னு ரெண்டு மூணு தடவ ஸ்விட்ச் வரைக்கும் போனேன்" என்றார். "அந்த வெளிச்சம் நேரா என் படுக்கைல விழுது. ஜன்னல்ல அட்டை ஒட்டிட்டுத்தான் படுக்குறேன். நீங்க என்னடான்னா ஃபியூஸப் புடுங்கிட்டுப் போறீங்க."

காவலர் ஜோபி எழுதுவதை நிறுத்திவிட்டு, புகாரை என்ன செய்வது என்று வசுமதியம்மாவிடம் கேட்டார். நிச்சயம் முறியவில்லை, பெரியப்பாவுக்கு மட்டும்தான் வருத்தம் என்று வசுமதியம்மா சொன்னார். மற்றதை மாஷே சொல்லட்டும், நாலாவது ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்.

மோட்டார் லைனை மாற்ற வேண்டாம். அதற்கும் யூனிட் ஒதுக்கிக்கொள்கிறேன். கட்டிலருகே உள்ள பல்பை இன்று முதல் அணைத்துவிடலாம், அதை இத்தனை நாள் யாருக்காக எரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஃபேனைப் போட்டுக்கொள்வேன். மாடிப்படி பல்பு இருக்க வேண்டும். அதற்குத் தகரத்தில் ஒரு மறைப்பு வைத்தால் வெளிச்சம் ஜன்னலில் விழாது. அந்தச் செலவு என்னுடையது.

இந்த வாக்குமூலம் எனக்கு மலையாளத்தில் வாசித்துக் காட்டப்பட்டது. முதல் மூன்றில் கூறியவை என் அறிவுக்கு எட்டியவரை நடந்தபடியே உள்ளன. வரிசையில் நான்காவதாகக் கூறியது தவறு. வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போக எனக்குச் சம்மதமில்லை. அந்த வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
இத்ரீஸ் தீதி