வீசாமல் வைத்த கெர்னல்

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். முக்காடு போட்டவர் பரீனா, பக்கத்தில் இருந்தவர் ஜெனிட்டா. பேர்களை அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

"அந்தச் செத்த கெர்னலை நீ வீசாம வச்சிருந்தியே, அதுக்கு நான் என்னடி கைம்மாறு செய்வேன்?" என்றார் பரீனா.

"மெதுவாப் பேசு. யாரோ ஆமிக்காரர் செத்துட்டார்னு நெனைக்கப் போறாங்க."

"ஆஸ்பத்திரி லெப் கம்பியூட்டர் திக்கி நின்ன நேரம் பார்த்து, உள்ள என்னென்ன வேலை ஓடுதுன்னு பதிவு எடுத்துட்டேன். பிறகு யாரோ அந்தக் கம்பியூட்டரோட அடி மென்பொருளை, கெர்னலையே, புதுசா மாத்திட்டாங்க. பதிவைத் திறந்தா எந்த வேலை அடைக்குதுன்னு பேரே வரல்ல. வெறும் நம்பர்தான்."

"பதிவைப் படிக்கிற டூல் புதுக் கெர்னல் ஃபைலைத்தான் கண்டிருக்கும். பதிவுல இருக்கிற பில்ட் ஐடியோட, அந்தக் கெர்னலோட அடையாள நம்பரோட, ஒத்துவரலன்னா அதை எடுக்காது. எடுத்திருந்தா தப்பான பேரைக் காட்டியிருக்கும்."

"நீ அனுப்பின பழைய கெர்னல் ஃபைலைக் குடுத்ததும் எல்லாப் பேரும் வந்துச்சு. டிஸ்க்ல எழுதற இடத்துலதான் அடைப்பு. சரியாக்கிட்டேன். இப்ப லெப் ரிப்போர்ட்டுக்கு யாரும் மணிக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கறதில்ல."

"நல்லது."

"நேத்துத் தொழுதுட்டு உனக்காகத்தான் துஆ கேட்டேன்."

"ஒரு பழைய ஃபைலுக்கா?"

"அங்க காத்துக்கிட்டு இருந்தவங்கள்ல எங்க உம்மாவும் ஒருத்தங்க, ஜெனி."

ஜெனிட்டா பரீனாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.